பைக் ரேஸ்ல அப்படி என்னதான் இருக்கு, மகனைத் தடுக்கணுமா?

அக்கா, உங்க கேள்விய ரெண்டு மூணு தடவ படிச்சேன். மகன் என்எஸ் (தேசிய சேவை) முடிச்சுட்டு வந்து கிளாஸ் 2ஏ பைக் லைசென்ஸ் எடுத்து செகண்ட் ஹேண்ட் ஹோண்டா சூப்பர் ஃபோர் பைக் ஒண்ணு வாங்கிட்டான், இப்ப ராத்திரி ஆனா போன்ல ஐல் ஆஃப் மேன் ரேஸ் வீடியோவா பாத்துக்கிட்டே இருக்கான், ஒரு நாள் நானும் ரேஸ் ஓட்டுவேன்னு சொல்றான், இதுல அப்படி என்னதான் இருக்கு, உயிர் போகும்னு தெரிஞ்சும் ஏன் ஓட்டுறாங்க, நான் தடுக்கணுமா வேணாமான்னு கேட்டிருக்கீங்க. நான் சிங்கப்பூர் காக்கி புக்கிட்ல பைக் வொர்க்‌ஷாப்ல 20 வருஷத்துக்கு மேல வேலை பாக்குறேன், மலேசியால செப்பாங்லயும் பாசிர் கூடாங்லயும் ரேஸ் டிராக்ல ஓட்டியிருக்கேன், கொஞ்ச வருஷம் டிராக் ஓரத்துல கொடி பிடிச்சுக்கிட்டும் நின்னிருக்கேன். ஒரு வரில சொல்லக்கூடிய விஷயம் இல்ல இது, அதனால நீளமாவே எழுதுறேன்.

மொதல்ல இந்த கிக் எங்க இருந்து வருதுன்னு சொல்லிடறேன், ஏன்னா அது புரியாம பையன்கிட்ட பேசினீங்கன்னா அவன் காதுல ஏறாது. வேகத்துலதான் கிக்குன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, அது உண்மை இல்ல. வேகம் ரெண்டு லேப்ல (டிராக்க ஒரு முழு சுத்து சுத்தறது ஒரு லேப்) பழகிடும். செப்பாங்ல மெயின் ஸ்ட்ரெய்ட்ல என் 600 சிசி வண்டி 240 தொடும், அந்த எடத்துலதான் நான் மூச்சு விட்டு கைய லூஸ் பண்ணிக்குவேன், ஏன்னா அங்க செய்யறதுக்கு ஒண்ணும் கிடையாது, தலைய டேங்க் மேல வச்சுக்கிட்டு த்ராட்டில முழுசா பிடிச்சா போதும். வேலையே அந்த ஸ்ட்ரெய்ட் முடியற எடத்துலதான் ஆரம்பிக்குது.

அங்க தூரம் எழுதின போர்டு வரிசையா நிக்கும், எந்த போர்டுல பிரேக் பிடிக்கணும்னு நாமளே ஒரு முடிவோட போவோம். நிமிர்ந்து உக்காந்த உடனே காத்து நெஞ்சுல சுவர் மாதிரி வந்து மோதும், மொத்த எடையும் முன் டயருக்கு போய் பின் டயர் லேசா மிதக்க ஆரம்பிக்கும், ரெண்டு விரலால பிரேக் லீவர அழுத்தும்போதே முன் டயர் எவ்ளோ தாங்கும்னு விரல் வழியா தெரியும், அப்புறம் வண்டிய சாய்க்கற அளவுக்கு பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே வரணும், சட்டுனு விட்டாலும் தப்பு, பிடிச்சுக்கிட்டே இருந்தாலும் தப்பு. இதெல்லாம் சேத்து நாலஞ்சு செகண்ட்தான். ரோட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கற ரப்பர் ஒரு டயருக்கு உள்ளங்கை அளவு கூட இருக்காது, நம்ம உயிரு, வண்டி, வேகம் எல்லாம் அந்த உள்ளங்கைலதான் இருக்கு. மோட்டோஜிபி, அதாவது பைக் ரேஸ் உலக சாம்பியன்ஷிப்போட டாப் கிளாஸ், அதுல ஓட்டற ரைடருங்க 60 டிகிரிக்கு மேல சாயறாங்க, முழங்கை தரைல உரசுது. நான் மொத மொதல்ல முட்டி தரைல பட்ட அன்னைக்கு ஹெல்மெட்டுக்குள்ளயே கத்திட்டேன்.

ஆனா அந்த சந்தோஷம் கூட மெயின் இல்ல அக்கா. அந்த இருபது நிமிஷம் ஓட்டும்போது மண்டைக்குள்ள வேற எதுவுமே இருக்காது. வீட்டு லோன், வண்டியோட சிஓஇ பெர்மிட் எப்ப முடியுது, முதலாளி நேத்து என்ன சொன்னாரு, ஒண்ணுமே வராது. அடுத்த கார்னர், அதுக்கு அடுத்த கார்னர், அவ்ளோதான். பிட்டுக்கு (டிராக் ஓரத்துல வண்டி நிறுத்தற எடம்) திரும்பி வந்து ஹெல்மெட்ட கழட்டினதும் எல்லாம் ஒட்டுக்கா திரும்பி வரும். மனசு முழுசா ஒரே எடத்துல நிக்கிற அந்த நிலைமை, அதுக்குத்தான் மறுபடி மறுபடி போறாங்க. பாட்டு பாடறவங்களுக்கும் நல்லா சமைக்கறவங்களுக்கும் கூட இது கெடைக்கும்னு நெனைக்கிறேன், ஆனா இங்க தப்பு பண்ணா தண்டனை உடனே கெடைக்கும், அதனாலதான் கவனமும் அவ்ளோ கூர்மையா இருக்கு. ஆபத்து வேற, த்ரில் வேறன்னு ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு எடுத்துட முடியாது. ஒத்துக்கிட்டுதான் ஆகணும்.

இப்ப ஆபத்த பத்தி. உங்க பையன் பாக்குற ஐல் ஆஃப் மேன் டிடி (டூரிஸ்ட் டிராபி) ரேஸ் 1907ல ஆரம்பிச்சது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவுல இருக்கற அந்த தீவு பரப்பளவுல நம்ம சிங்கப்பூர விட சின்னது. அங்க டிராக்குன்னு தனியா ஒண்ணு கிடையாது, ஜனங்க தினமும் கார்ல போற ரோட்டையே அடைச்சுட்டு ரேஸ் விடறாங்க. ஒரு சுத்து 60 கி.மீ.க்கு மேல, 200க்கும் அதிகமான வளைவு, நடுவுல ஊரு, பாலம், மலை எல்லாம் வருது. நம்ம பிஐஇ எக்ஸ்பிரஸ்வே ஒரு முனைல இருந்து மறு முனை வரைக்கும் 43 கி.மீ. கிட்டதான், அத வச்சு யோசிச்சு பாருங்க. 2023ல பிரிட்டிஷ் ரைடர் பீட்டர் ஹிக்மன் அந்த ஒரு சுத்த 16 நிமிஷம் 36 செகண்ட்ல முடிச்சாரு, சராசரி வேகம் மணிக்கு 219 கி.மீ. சராசரிங்க, டாப் ஸ்பீடு இல்ல. ஸ்டார்ட் பண்ண கொஞ்ச நேரத்துலயே பிரே ஹில்னு ஒரு இறக்கம் வரும், ரெண்டு பக்கமும் வீடு, அந்த வீட்டு வாசல் வழியா 250க்கு மேல போறாங்க. பாலா பிரிட்ஜ்ல ரெண்டு சக்கரமும் தரைய விட்டு கிளம்பிடும்.

அங்க எல்லாரும் ஒண்ணா கெளம்பறது இல்ல, 10 செகண்டுக்கு ஒருத்தரா விடுவாங்க, கடிகாரத்தோடதான் போட்டி. அதனால பாதி நேரம் அந்த ரைடர் தனியாத்தான் போய்க்கிட்டு இருப்பாரு, அவரும் ரோடும் மட்டும். வருஷக்கணக்குல படிச்சாத்தான் அந்த ரோடு மனசுல ஏறும், எந்த வளைவுக்கு அப்புறம் எந்த வளைவு, எங்க மரத்து நிழல்ல ரோடு ஈரமா இருக்கும், எங்க மேடு இருக்குன்னு மனப்பாடமா தெரியணும். புதுசா வர்றவங்கள மொதல்ல தனி சட்டை மாட்டி வேகத்த கட்டுப்படுத்தித்தான் கூட்டிட்டு போவாங்க. உங்க பையன் வீடியோல பாக்குறது அந்த அஞ்சாறு வருஷ படிப்போட கடைசி பக்கம், முதல் பக்கம் யாரும் வீடியோல போடறது இல்ல.

1911ல இருந்து இன்னைக்கு வரைக்கும் அந்த மலை கோர்ஸ்ல 260 பேருக்கு மேல செத்துருக்காங்க. 2022ல மட்டும் ஆறு பேரு, அதுல அப்பாவும் மகனும் ஒரே சைட்கார்ல (பக்கத்துல இன்னொரு ஆளும் போற மூணு சக்கர பைக்) போனவங்க ரெண்டு பேரு. ஒரு காலத்துல அது உலக சாம்பியன்ஷிப்ல ஒரு ரவுண்டா இருந்துச்சு, 1972ல இத்தாலிக்காரர் கில்பெர்ட்டோ பார்லோட்டி அங்க இறந்ததும் அவரோட நண்பர் ஜியாகொமோ அகோஸ்தினி இனிமே இங்க ஓட்ட மாட்டேன்னு சொல்லிட்டாரு. அவரு அப்ப உலகத்துலயே பெரிய ரைடர், டிடிலயே பத்து தடவ ஜெயிச்சவரு. மத்தவங்களும் ஒதுங்க ஆரம்பிச்சாங்க, 1976க்கு அப்புறம் சாம்பியன்ஷிப்ல இருந்தே எடுத்துட்டாங்க. பயந்துட்டாருன்னு யாராவது அவர சொல்ல முடியுமா? உங்க பையன் இந்த கதைய தெரிஞ்சுக்கணும்.

இன்னொரு குடும்பத்த பத்தியும் அவன் கட்டாயம் படிக்கணும், வட அயர்லாந்து டன்லப் குடும்பம். ஜோயி டன்லப் டிடில 26 தடவ ஜெயிச்சவரு. ரேஸ் இல்லாத நேரத்துல தன்னோட வேன்ல சாமான் ஏத்திக்கிட்டு ருமேனியா, போஸ்னியா அனாதை ஆசிரமங்களுக்கு தானே ஓட்டிக்கிட்டு போய் குடுத்துட்டு வருவாரு. 2000ல 48 வயசுல டிடில ஒரே வாரத்துல மூணு ரேஸ் ஜெயிச்சாரு, அடுத்த மாசம் எஸ்டோனியால மழை ஈரத்துல சின்ன 125 சிசி ரேஸ் ஓட்டும்போது வழுக்கி மரத்துல மோதி இறந்துட்டாரு. அவரு தம்பி ராபர்ட் 2008ல வட அயர்லாந்துலயே நடக்கற நார்த் வெஸ்ட் 200 ரோடு ரேஸ் பிராக்டிஸ்ல இறந்தாரு. ரெண்டே நாள்ல ராபர்ட்டோட மகன் மைக்கேல் அதே ரேஸ்ல, அப்பா ஓட்டவேண்டிய அதே 250 சிசி கிளாஸ்ல எறங்கி ஜெயிச்சாரு. 2018ல மைக்கேலோட அண்ணன் வில்லியமும் ரோடு ரேஸ்ல போயிட்டாரு. மைக்கேல் இன்னமும் ஓட்டுறாரு, 2024ல பெரியப்பாவோட 26 ரெக்கார்ட தாண்டிட்டாரு. இத கேட்டு எனக்கு பெருமைப்படறதா அழறதான்னு தெரியல, அந்த குடும்பத்து அம்மாமார்கள நெனச்சாத்தான் நெஞ்சு கனக்குது.

நம்ம ஊருல இதெல்லாம் நடக்கலன்னு நெனைக்காதீங்க. எங்கப்பா செம்பவாங் நேவல் பேஸ்ல வேலை பாத்தவரு, அங்க நம்ம ஆளுங்க நெறய பேரு இருந்தாங்கன்னு உங்களுக்கே தெரியும். 1961ல இருந்து 1973 வரைக்கும் அப்பர் தாம்சன் ரோட்டையும் ஓல்டு அப்பர் தாம்சன் ரோட்டையும் சேத்து அடைச்சு கிராண்ட் பிரீ நடந்துச்சு, காரும் உண்டு பைக்கும் உண்டு, ஒரு சுத்து 4.8 கி.மீ. நேரா ஓடற பகுதிக்கு தாம்சன் மைல்னு பேரு, காட்டுப் பக்கம் பாம்பு மாதிரி நெளியற எடத்துக்கு ஸ்னேக்ஸ்னே பேரு, அப்புறம் டெவில்ஸ் பெண்ட். அப்பாவும் அவரு கூட்டாளிங்களும் காலைலயே சாப்பாடு கட்டிக்கிட்டு போய் செம்பவாங் ஹில்ஸ் ரவுண்டானா பக்கத்துல எடம் பிடிச்சு நிப்பாங்களாம். சத்தத்த விட அவருக்கு ஞாபகம் இருந்தது வாசனைதான். அந்த காலத்து ரேஸ் எஞ்சின்ல விளக்கெண்ணெய்ல செஞ்ச ஆயில்தான் ஊத்துவாங்க, அது எரியும்போது ரோடு முழுக்க விளக்கெண்ணெய் கருகுற வாசம் அடிக்குமாம். எங்க பாட்டி தலைல எண்ணெய் வைக்கும்போதெல்லாம் அப்பா நோர்ட்டன் ரேஸ் பைக் கதைய ஆரம்பிச்சுடுவாரு.

ஆனா அந்த ரோட்டோரத்துல என்னென்ன இருந்துச்சு தெரியுமா, விளக்குக் கம்பம், பஸ் ஸ்டாப், மரம், மழைத்தண்ணி போற பெரிய வடிகால். வழுக்குனா போய் விழ வெறும் எடம்னு ஒண்ணு கெடையாது. 1972லயும் 73லயும் அடுத்தடுத்து கார் ஓட்டினவங்க ரெண்டு பேரு அங்க இறந்தாங்க, 73க்கு அப்புறம் ரேஸையே நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் 2008ல மரீனா பேல ஃபார்முலா ஒன் வரைக்கும் நம்ம ரோட்டுல பெரிய ரேஸ் கெடையாது, அங்கயும் காருதான், பைக் இல்ல. ஒரு சாயங்காலம் லோவர் பியர்ஸ் ரிசர்வாயர் பக்கம் போய் அந்த பழைய ரோட்டுல நடந்து பாருங்க, இப்ப ஒன்வேயா அமைதியா குரங்குங்க நடமாடற எடமா இருக்கு. இந்த வளைவுல 160, 170ல ஒருத்தன் போயிருப்பானான்னு நின்னு யோசிச்சீங்கன்னா வயித்துக்குள்ள என்னமோ பண்ணும். பையனையும் கூட்டிக்கிட்டு போங்க.

ஆசியால இப்பவும் ரோட்டுல நடக்கற பெரிய பைக் ரேஸ் மக்காவ்ல இருக்கு, 1967ல இருந்து. 6 கி.மீ.க்கு கொஞ்சம் மேல உள்ள ஊரு ரோடு, ரெண்டு பக்கமும் இரும்பு வேலி, அதுக்கு பின்னால சுவரு. நான் ஒரு வருஷம் போய் பாத்தேன், ரைடரோட தோள்பட்டைக்கும் அந்த வேலிக்கும் நடுவுல ஒரு சாண் எடைவெளி இருக்குமான்னு சந்தேகம், கை தானா வேலிக்கம்பிய இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. 2012ல ஒருத்தர், 2017ல ஒருத்தர் அங்க இறந்தாங்க. அவ்ளோ அழகான ஓட்டத்த நான் வேற எங்கயும் பாத்ததில்ல, அதையும் சொல்லணும். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு.

இப்ப நான் இத்தன வருஷமா யாருகிட்டயும் சரியா சொல்லாத ஒண்ண சொல்றேன், உங்க கேள்விக்கு உண்மையான பதிலு இதுலதான் இருக்கு.

எங்க கூட்டத்துல ஒருத்தன் இருந்தான், பேரு வேண்டாம், என்னை விட நாலு வயசு சின்னவன், என்ன அண்ணே அண்ணேன்னுதான் கூப்பிடுவான். நல்ல கை அவனுக்கு. பாசிர் கூடாங்ல ஒரு நாள் எனக்கு முன்னாடி போய்க்கிட்டு இருந்தவன் ஒரு வலது கார்னர்ல முன் டயர விட்டுட்டான், 140 இருக்கும். வண்டி ஒரு பக்கம் அவன் ஒரு பக்கமா வழுக்கிக்கிட்டு போய், ரோடு முடிஞ்சு, புல்லு, அப்புறம் ஜல்லி, அதுல ரெண்டு உருளு உருண்டு நின்னான். எழுந்திருச்சு கைய ஆட்டி எனக்கொண்ணும் இல்லன்னு காட்டினான். லெதர் சூட்ல முழங்கை பக்கம் கொஞ்சம் தேஞ்சிருந்துச்சு, சுண்டு விரல் வீங்கியிருந்துச்சு, அவ்ளோதான். மத்தியானம் எங்க கூட உக்காந்து நாசி லெமாக் சாப்பிட்டான், எப்படி விழுந்தேன்னு எல்லாருக்கும் நடிச்சு காட்டினான்.

ரெண்டு மாசம் கழிச்சு ஞாயித்துக்கிழமை காலைல ஆறேழு பேரு கடல்பாலம் தாண்டி மலேசியால கோத்தா திங்கி பக்கம் போனோம். ரேஸ் எல்லாம் இல்ல, ஆனா உங்களுக்கு தெரியும், பைக் நாலு சேந்தா வேகம் தன்னால கூடும். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல போற ரோடு, ஒரு வலது வளைவு, லாரில இருந்து சிந்தின மண்ணோ என்னவோ ரோட்டுல இருந்துச்சு. அதே மாதிரி முன் டயர விட்டான். அதே தப்பு, அதே மாதிரி வழுக்கல். வேகம் 90தான் இருக்கும், நம்ம பிஐஇ லிமிட்டு. இந்த தடவ ரோடு முடிஞ்ச எடத்துல புல்லும் இல்ல ஜல்லியும் இல்ல, இரும்புத் தடுப்பு இருந்துச்சு, அத தாங்குற கம்பம் இருந்துச்சு. ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சு. ஹெல்மெட் நல்ல ஹெல்மெட்தான். அவங்க அம்மாவுக்கு போன் போட்டது நான்தான்.

அக்கா, 140ல விழுந்தவன் நாசி லெமாக் சாப்பிட்டான், 90ல விழுந்தவன் வீட்டுக்கு வரல. விழறது பைக்ல ஓட்டற எல்லாருக்கும் நடக்கும். கீழ விழறதுல பெரும்பாலும் ஆள் சாகறது இல்ல, விழுந்து போய் எதுல மோதறோம்கறதுலதான் எல்லாம் இருக்கு. டிராக்குன்னு ஒண்ண கட்டறதே மோதறதுக்கு எதுவும் இல்லாம பண்றதுக்குத்தான், காசும் அந்த வெறும் எடத்துக்கு நெறய போகுது. எதிர்ல வண்டி வராது, குறுக்க யாரும் நடக்க மாட்டாங்க, எண்ணெய் சிந்தினா சிவப்பு மஞ்சள் கோடு போட்ட கொடிய காட்டுவோம், யாராவது விழுந்தா மஞ்சக் கொடி, பெரிய விபத்துன்னா சிவப்பு, எல்லாரும் நிறுத்திடணும். ஆம்புலன்ஸ் வண்டிய ஸ்டார்ட்ல வச்சு நிக்கும்.

அதுக்காக டிராக்ல சாவே இல்லன்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். செப்பாங்லயே 2011 அக்டோபர்ல மோட்டோஜிபி ரைடர் மார்கோ சிமொன்செல்லி இறந்தாரு, 24 வயசு, அந்த பெரிய சுருட்டை முடி பையன், உங்க மகனுக்கு தெரிஞ்சிருக்கும். ரெண்டாவது லேப், 11வது கார்னர். முன் டயர் போச்சு, சாதாரணமா அப்படி போனா வண்டியும் ஆளும் வெளிப்பக்கமா வழுக்கிட்டு போய்டுவாங்க, அவரோட வண்டி டயரு மறுபடி ரோட்ட பிடிச்சுக்கிச்சு, அவரு வண்டிய விடாம பிடிச்சிருந்தாரு, அது அவர ரோட்டுக்கு குறுக்கால உள்பக்கம் இழுத்துட்டு வந்துருச்சு, பின்னால வந்த ரெண்டு வண்டியால ஒதுங்க முடியல. அதுல ஒண்ண ஓட்டிட்டு வந்தது பல தடவ உலக சாம்பியனான வாலென்டினோ ரோசி, சிமொன்செல்லியோட நெருங்கின நண்பர். ரேஸ நிறுத்திட்டாங்க, நடக்கவே இல்ல.

இன்னைக்கு டிராக்ல மிச்சம் இருக்கற பெரிய ஆபத்து அதுதான், விழுந்தவன் மேல பின்னால வர்றவன் ஏறுறது. சுவர தள்ளி வைக்கலாம், காத்து அடைச்ச மெத்தை வைக்கலாம், சூட்டுக்குள்ள ஏர்பேக் வைக்கலாம் (மோட்டோஜிபில 2018ல இருந்து கட்டாயம்), பின்னால வர்ற வண்டிய என்ன பண்ண முடியும். கூட்டமா நெருக்கி ஓட்டுற சின்ன வயசு பசங்க ரேஸ்லதான் இது அதிகம். 2021 ஒரே வருஷத்துல ஐரோப்பால 14 வயசு, 15 வயசு, 19 வயசுன்னு மூணு பசங்க இப்படி போனாங்க, அதுக்கப்புறம்தான் ரேஸ் ஓட்டற குறைஞ்ச வயச உசத்தினாங்க, கிராண்ட் பிரீ ஓட்டணும்னா இப்ப 18. 2023 ஆகஸ்ட்ல சென்னை இருங்காட்டுக்கோட்டை டிராக்ல பெங்களூர் பையன் ஒருத்தன் இறந்தான், 13 வயசு. இந்த விஷயத்துல எனக்கு கோவம் இன்னும் அடங்கல. பெரியவன் தெரிஞ்சு எடுக்கற ரிஸ்க் வேற, பதிமூணு வயசு பிள்ளைக்கு என்ன தெரியும்.

அதனால உங்க கேள்விக்கு வர்றேன். ஐல் ஆஃப் மேன் மாதிரி ரோடு ரேஸ் ஓட்டுறேன்னு என் பிள்ளை வந்து நின்னா நான் சரின்னு சொல்ல மாட்டேன், அத ஓட்டுறவங்கள மதிக்கிறேன், கை தட்டுவேன், ஆனா சொல்ல மாட்டேன். உங்க மகனுக்கு அது இப்போதைக்கு வெறும் கனவுதான், அங்க எறங்கவே வருஷக்கணக்கா டிராக் ரேஸ் ஓட்டி லைசென்ஸ் எடுத்திருக்கணும், அத நெனச்சு இப்பவே தூக்கம் கெட வேண்டாம். நீங்க கவலைப்பட வேண்டியது அடுத்த சனிக்கிழமை ராத்திரிய பத்தி. அந்த வீடியோவ பாத்துட்டு வர்ற கை அரிப்பு எங்கயாவது தீரணும். டிராக்குக்கு போக விடலன்னா அவன் லிம் சூ காங் ரோட்டுக்கு போவான். போர் விமானம் எறங்கற அளவுக்கு நேரான ரோடு அது, நடு ராத்திரில யாரும் இல்லன்னு நெனைப்பான், ஒரு நாயோ ஒரு லாரியோ போதும். போலீஸ் பிடிச்சா வண்டி பறிமுதல், லைசென்ஸ் போகும், ஜெயிலும் உண்டு, அது கூட பரவாயில்லன்னு சொல்லுவேன், உயிரோட திரும்பி வருவான்ல.

தடுத்தா மறைச்சு செய்வான். எங்க வொர்க்‌ஷாப்புக்கு வர்ற பசங்கள்ல அம்மாவுக்கு தெரியாம லெதர் சூட்ட கூட்டாளி வீட்டுல ஒளிச்சு வச்சிருக்கறவன் எத்தன பேரு தெரியுமா? அவங்களுக்கு ஏதாவது ஆனா எந்த நம்பருக்கு கூப்பிடறதுன்னு கூட சரியா சொல்ல மாட்டாங்க. அத விட அவன்கிட்ட, தம்பி, ரோட்டுல ஓட்டாத, டிராக்ல ஓட்டு, மொத தடவ நானும் வர்றேன்னு சொல்லிப் பாருங்க. அவன் மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாருங்க.

கூட போனா நீங்களும் தெரிஞ்சுக்குவீங்க. பாசிர் கூடாங் பக்கம்தான், டிராக் இப்ப திறந்திருக்கான்னு கேட்டுக்கிட்டு மொதல்ல அங்க போகட்டும், செப்பாங் பெரிசு, 5.5 கி.மீ., வேகமும் ஜாஸ்தி, கொஞ்சம் பழகினப்புறம் போகலாம். ரேஸ்னு எழுதினத எடுக்க வேண்டாம், டிராக் டேன்னு கேக்கணும், அதுல யாரும் யாரோடயும் போட்டி இல்ல, புதுசா வர்றவங்களுக்கு தனி குரூப்பு இருக்கும், சொல்லிக் குடுக்க ஆளு வச்சு நடத்தற எடமா பாத்து எடுங்க, அந்த காசுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. சூப்பர் ஃபோர் வச்சிருக்கறது எனக்கு சந்தோஷம், 400 சிசிதான், நிதானமான வண்டி, அதுல கத்துக்கறவன் கை சுத்தமா வரும். பெரிய வண்டிய வாங்கிட்டு நேரா டிராக்குக்கு வர்றவன் ஸ்ட்ரெய்ட்ல மட்டும் வேகமா போவான், கார்னர்ல நடந்து போற மாதிரி போவான்.

சூட்டு ஒரு பீஸா இருக்கணும், இல்ல மேலும் கீழும் ஜிப்பு போட்டு சேர்ற மாதிரி இருக்கணும், முதுகுக்கு தனி கார்டு, கணுக்கால் மூடற பூட்ஸ், கை கிளவுஸ் மணிக்கட்டு தாண்டி வரணும். இருந்தா ஏர்பேக் வெஸ்ட் வாங்கிக் குடுங்க, ஆயிரம் வெள்ளி பக்கம் ஆனாலும் பொறந்தநாளுக்கு வேற எதையும் விட அது நல்ல பரிசு. ஹெல்மெட் ஒரு தடவ கீழ விழுந்து அடிபட்டதுன்னா அது முடிஞ்சது, வெளில கீறல் இல்லன்னு பாக்காதீங்க, உள்ள இருக்கற தெர்மோகோல் நசுங்கியிருக்கும். இன்சூரன்ஸ் பேப்பர எடுத்து படிச்சு பாருங்க, ரோட்டுக்கு எடுத்த பைக் இன்சூரன்ஸ் பொதுவா டிராக்ல செல்லாது, அவனுக்கு மெடிக்கல் தனியா இருக்கான்னு பாத்துக்கணும், மலேசியால ஆஸ்பத்திரில சேத்தா யாரு கட்டறதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். வெயில் பொல்லாதது, லெதருக்குள்ள தண்ணியா கொட்டும், களைச்சுப் போனவன்தான் கடைசி செஷன்ல விழுவான், நான் கொடி பிடிச்ச காலத்துல சாயங்காலம் நாலு மணிக்கு மேல ரெடியாவே நிப்பேன். களைப்பா இருந்தா கடைசி செஷன விட்டுட்டு வந்துரணும்னு அவன்கிட்ட வாக்கு வாங்கிக்கங்க.

வண்டிய போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி நல்ல மெக்கானிக் கைல குடுங்க, மொத நாள் ராத்திரி வேண்டாம். பிரேக் ஆயில் புதுசா ஊத்தணும், பழசு சூட்டுல கொதிச்சுதுன்னா லீவரு காத்து மாதிரி உள்ள போயிடும். பிரேக் பேடு பாதிக்கு கீழன்னா மாத்திடுங்க. ரேடியேட்டர்ல கூலண்ட எடுத்துட்டு வெறும் தண்ணி ஊத்தணும், கூலண்ட் ரோட்டுல கொட்டினா பின்னால வர்றவன் வழுக்கி விழுவான், நெறய டிராக்ல அத சோதிச்சுட்டுத்தான் உள்ள விடுவாங்க. கண்ணாடிய கழட்டிடணும், லைட்டுக்கு டேப்பு ஒட்டணும். டயர பின் பக்கம் மட்டும் பாக்காம முன் டயர நல்லா பாக்க சொல்லுங்க, வருஷம் எத்தனைன்னு டயர் ஓரத்துல நாலு நம்பரா இருக்கும், முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம், அஞ்சு வருஷத்துக்கு மேல ஆயிருந்தா ரப்பர் எவ்ளோ இருந்தாலும் கழட்டிப் போட்டுடுங்க. செகண்ட் ஹேண்ட் வண்டின்னு சொன்னீங்க, இன்னைக்கு ராத்திரி அவன் தூங்கினப்புறம் கீழ கார்பார்க்குக்கு போய் டார்ச் அடிச்சு அந்த நாலு நம்பர பாத்துடுங்க அக்கா, டிராக்குக்கு போனாலும் சரி, வேலைக்கு போனாலும் சரி.